வீட்டுப் புகைப்புரை அடுப்பைச் சுத்தம் செய்வதும் பாதுகாப்பாக வைத்திருப்பதும்: புதிதாக ரப்பர் ஷீட் உலர்த்துவோருக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், குலசேகரம், அருமனை, கடையாலுமூடு, திற்பரப்பு வட்டாரங்களில், அரை ஏக்கரும் ஒரு ஏக்கருமாக ரப்பர் விளை, அதாவது தோட்டம், வைத்திருப்பவர்கள் ஏராளம். பாலை அப்படியே விற்பவர்களும் தானாக உறைந்த ஒட்டுப்பாலாக விடுபவர்களும் போக, ஷீட் அடித்துப் புகை போட்டு விற்பவர்களின் வீட்டுக்குப் பின்னால் ஷீட்டைப் புகையில் உலர்த்த ஓடு வேய்ந்த சிறிய புகைப்புரை ஒன்று நிற்கும். பெற்றோர் விட்டுப்போன விளையைப் பார்த்துக்கொள்ள வளைகுடாவிலிருந்தோ சென்னையிலிருந்தோ திரும்பி வருபவர்களுக்குப் பால் வெட்டின் நுணுக்கங்களை வெட்டுக்காரர் சொல்லிக் கொடுத்துவிடுகிறார். ஆசிட் எவ்வளவு ஊற்றுவது, ரோலரில் எத்தனை முறை விடுவது என்பதையெல்லாம் அக்கம்பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். புகைப்புரையின் அடுப்பைப் பற்றி மட்டும் யாரும் தாமாக வாய் திறப்பதில்லை. விறகு எரிகிறது, புகை வருகிறது, அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்ற எண்ணந்தான் காரணம்.

ஆனால் புகைப்புரையில் நெருப்பு கைமீறிப் போகும் வழிகளை எண்ணிப் பார்த்தால், பெரிய தீ மூட்டியதால் வரும் ஆபத்தைவிட, நாள்பட்ட கரி, கழன்று விழுந்த ஷீட், சரியாக ஆறாத சாம்பல் ஆகியவற்றால் வரும் ஆபத்தே அதிகமாகத் தெரியும். மூன்றும் சுத்தம் சார்ந்தவை. அதே கரித்துகள்தான் ஷீட்டின் மேல் படிந்து தரத்தையும் இறக்குகிறது. எனவே பாதுகாப்புக்காகச் செய்யும் வேலை விலைக்கும் உதவுகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே சொல்லியிருப்பவற்றைப் படிக்க வேண்டும்.

முதலில் உங்கள் புகைப்புரை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்

வீட்டு அளவிலான புகைப்புரைகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்றில் அடுப்பு சுவருக்கு வெளியே இருக்கும். அதிலிருந்து தரைக்கடியில் செங்கல்லால் கட்டிய குழல் ஒன்று அறைக்குள் சென்று, மேலே உள்ள துளைகள் வழியாகச் சூட்டையும் புகையையும் விடும். மற்றொன்றில் அறையின் நடுவிலேயே குழி வெட்டி, அதில் விறகை வைத்து எரிப்பார்கள். இரண்டாவது வகை கட்டுவதற்கு மலிவானது என்பதைத் தவிர அதில் வேறு நன்மை இல்லை. பொறி பறந்தால் நேராக ஷீட்டில்தான் போய் ஒட்டும். விறகு தள்ளவும் சாம்பல் வாரவும் ஒவ்வொரு முறையும் ஆள் புகைக்குள்ளே போக வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட புரை உங்களுக்கு வாய்த்திருந்தால், பராமரிப்பில் செலவிடும் முன் அடுப்பை வெளியே மாற்றிக் கட்ட ஒரு கொத்தனாரைக் கூப்பிடுவதே நல்லது. அதுவரை குழியைச் சுற்றிச் செங்கல் வரம்பும், அதன்மேல் கனமான இரும்புத் தகடும், தகட்டுக்கு மேல் கம்பிவலையும் கட்டாயம் இருக்க வேண்டும்.

வெளி அடுப்புள்ள புரையில் கவனிக்க வேண்டிய உறுப்புகள் ஐந்து: விறகு வைக்கும் அடுப்புவாய், அதை மூடும் இரும்புக் கதவு, தரையடிக் குழல், அந்தக் குழலின் துளைகளுக்கு மேல் இருக்கும் தகடும் வலையும், கூரைக்கு அருகில் ஈரக்காற்று வெளியேறும் திறப்புகள். புரையை முதன்முதலாகக் கையில் எடுக்கும் ஒருவர், அடுப்பு முழுவதும் ஆறியிருக்கும் ஒரு பகல் நேரத்தில், டார்ச் விளக்குடன் இந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, எந்தச் செங்கல் பிளந்திருக்கிறது, எந்த வலை துருப்பிடித்து அறுந்திருக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்வது நல்லது. குறிப்பாக வலையை விரலால் அழுத்திப் பாருங்கள். நாளெல்லாம் புகையும் ஈரமும் பட்ட கம்பி, பார்வைக்கு முழுசாக இருந்தாலும், தொட்டதும் பொடிந்து போகக்கூடும்.

எவ்வளவு சூடு, ஏன்

ரோலரில் விட்டுக் கழுவிய ஷீட்டை நிழலில் சில மணி நேரம் நீர் வடியவிட்டுப் புகைப்புரையில் ஏற்றுகிறோம். அங்கே 40 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் ஏறத்தாழ நான்கு நாட்களில் ஷீட் உலர்ந்து, வெள்ளைத் திட்டுகள் மறைந்து, ஒளி ஊடுருவும் தேன் நிறத்துக்கு வருகிறது. முதல் நாள் சூட்டைக் குறைவாக வைத்து, மேல் திறப்புகளை நன்றாகத் திறந்து, ஈரத்தை வெளியேற்ற வேண்டும்; அடுத்தடுத்த நாட்களில் சூட்டைப் படிப்படியாக ஏற்றித் திறப்புகளைக் குறைத்துக்கொள்ளலாம். 60 டிகிரியைத் தாண்டினால் ஷீட்டுக்குள் குமிழ் விழும். இன்னும் ஏறினால் ஷீட் இளகி, தன் எடையாலேயே நீண்டு, கம்பிலிருந்து வழுக்கிக் கீழே விழும். கீழே இருப்பது குழலின் துளை. எனவே வெப்பமானியைத் தரம் பார்க்கும் கருவியாக மட்டும் நினைக்காமல் தீத்தடுப்புக் கருவியாகவும் எண்ண வேண்டும். சுவரில் துளையிட்டு முகப்பு வெளியே தெரியும்படி பொருத்தும் வட்ட வெப்பமானி இருந்தால், கதவைத் திறக்காமலே படிக்க முடியும். அதன் முனை ஷீட்டுகள் தொங்கும் உயரத்தில் இருக்க வேண்டும். கதவோரத்தில் தரைமட்டத்தில் செருகி வைத்தால் அது காட்டும் கணக்குக்கு மதிப்பில்லை.

ஒவ்வொரு முறை தீ மூட்டும் முன்

முதல் வேலை, முந்தைய சாம்பலை வாருவது. சாம்பல் குவிந்தால் காற்று விறகின் அடிக்குப் போகாது. காற்று போதாத விறகு எரியாமல் கருகிப் புகையும். அந்தப் புகையில்தான் தார் அதிகம். ஆக, அடுப்புவாயில் ஒரு சாண் சாம்பலை விட்டுவைத்தவர், குழலுக்குள் தாரைத் தானே அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

சாம்பலை வாருவதில் பலரும் அவசரப்படுகிறார்கள். மேலே வெளுத்து ஆறிப்போனது போலத் தோன்றும் சாம்பலுக்குள் கனல் ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். எங்கள் பக்கத்து வெட்டுக்காரர் ஒருவர் இதைத் தம் பாணியில் சொல்வார்: “அண்ணாச்சி, சாம்பல் ஆறிப்போச்சுன்னு கண்ணு சொன்னா நம்பாதீங்க, புறங்கையைக் கேளுங்க.” புறங்கையைச் சாம்பலில் வைக்கக் கூடாது, ஒரு சாண் உயரத்தில் பிடித்து, வெக்கை தட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தட்டாவிட்டாலும், வாரிய சாம்பலை மூடியுள்ள இரும்பு டின்னில் போட்டு, மண் தரையில், புரையிலிருந்தும் விறகுக் குவியலிலிருந்தும் தள்ளி இரண்டு நாள் வைத்துவிட்டுப் பிறகு தென்னை மூட்டில் போடலாம். சாக்கிலும் பிளாஸ்டிக் வாளியிலும் வாரி வைப்பதும், உதிர்ந்த ரப்பர் இலைக்குவியலின் மேல் கொட்டுவதும் கூடவே கூடாது. அவசரத்துக்காகச் சூடான அடுப்பில் தண்ணீர் ஊற்றுவதும் தவறு. செங்கல் வெடிக்கும், நீராவி முகத்தில் அடிக்கும்.

அடுத்து, அறைக்குள் குழலின் துளைகளையும் வலையையும் பார்க்க வேண்டும். முந்தைய ஏற்றத்தில் விழுந்த ஷீட் துண்டோ, ஒட்டுப்பால் நூலோ, கம்பிலிருந்து உதிர்ந்த மூங்கில் சிராயோ வலையின்மேல் கிடந்தால் எடுத்துவிட வேண்டும். ரப்பர் பற்றினால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். விரலளவு துண்டு ஒன்று வலை வழியாகக் குழலுக்குள் சொட்டினால் போதும், அதிலிருந்து எழும் கரும்புகையில் அந்த ஏற்றத்து ஷீட் முழுவதும் கறுத்துப்போகும். கடைசியாக, ஷீட் தொங்கும் கம்புகள் தம் இடத்தில் உறுதியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றையும் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றத் தொடங்க வேண்டும்.

தீயைச் சிறு சுள்ளிகளால் மூட்டுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், பழைய எஞ்சின் ஆயில் ஆகியவற்றை அடுப்பின் அருகிலேயே கொண்டுவர வேண்டாம். பார்மிக் ஆசிட் கேனுக்கும் இதே விதிதான். அது தோலை அரிக்கக்கூடியது மட்டுமல்ல, தீப்பற்றவும் கூடியது. பல வீடுகளில் ரோலரும் ஆசிட்டும் அடுப்பும் ஒரே சாய்ப்பின்கீழ் இருப்பதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.

எதை எரிக்கலாம்

குழலில் படியும் கரியின் அளவை நிர்ணயிப்பது விறகு. வெட்டி உலரவைத்த ரப்பர் விறகு எளிதில் கிடைக்கும், நிதானமாகவும் எரியும். நம் மாவட்டத்துக்கு ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டு பருவம் இருப்பதால், கோடையிலேயே விறகைப் பிளந்து, தரையிலிருந்து உயர்த்தி, மேலே கூரையும் பக்கங்களில் காற்றோட்டமும் உள்ள இடத்தில் அடுக்கிவிட வேண்டும். அந்த அடுக்கைப் புரைச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம். அடியிலிருந்து கையை விட்டு உருவவும் வேண்டாம். விரியனுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கதம்பை (தேங்காய் உரிமட்டை) மெல்லப் புகைந்து நல்ல புகை தரும். விறகோடு சிறிது சேர்க்கலாம். சிரட்டை சட்டென்று பற்றிச் சூட்டைத் தூக்கிவிடும் என்பதால், புதியவர்கள் அதைத் தீ மூட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. கொல்லங்கொட்டைத் தோடு (முந்திரிக்கொட்டையின் ஓடு) எண்ணெய்ப் பசையுள்ளது. அதன் புகை கண்ணையும் தோலையும் எரிக்கும், குழலில் பிசினாகப் படியும். மரக்கடையில் மலிவாகக் கிடைக்கும் மருந்தேற்றிய ரப்பர்ப் பலகைத் துண்டுகள், பெயிண்ட் அடித்த மரம், பிளைவுட், பிளாஸ்டிக், பழைய டயர் எதையும் போடக் கூடாது. ஷீட்டில் நாற்றம் ஏறும் என்பது ஒருபுறம். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் விறகு தள்ளும் நீங்கள்தான்.

ஆண்டுக்கு ஒரு முறை முழுச் சுத்தம்

தை, மாசியில் ரப்பர் இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும்போது பால் வெட்டு நிற்கும். புகைப்புரைக்கும் அதுவே ஓய்வுக்காலம், மழையும் இருக்காது. இந்த வாரங்களை விட்டுவிட்டால், அடுத்த ஓய்வு எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

கடைசி ஏற்றத்தை இறக்கிய பிறகு அடுப்பை மூன்று நாளாவது ஆறவிடுங்கள். தரையடிக் குழலின் செங்கல்லில் சூடு நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம் நிற்கும். வேலை தொடங்கும் நாளில் எல்லாக் கதவுகளையும் திறப்புகளையும் திறந்து, காற்று ஊடாடிய பின்னரே உள்ளே போக வேண்டும். முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, தலையில் துண்டு, துணிக்குப் பதிலாக மருந்துக்கடையில் கிடைக்கும் என்-95 முகக்கவசம் ஆகியவை தேவை. புகைக்கரி வெறும் அழுக்கு அன்று. லண்டனில் புகைபோக்கி துடைக்கும் வேலையில் சிறுவயதிலேயே ஈடுபடுத்தப்பட்டவர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வருவதற்குக் கரியே காரணம் என்று பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் 1775இல் எழுதினார். ஒரு தொழிலில் புழங்கும் பொருளால் புற்றுநோய் வருகிறது என்று கண்டு சொன்ன முதல் பதிவுகளில் அதுவும் ஒன்று. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுத்திய துணியை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவைக்க வேண்டும்.

வேலையை மேலிருந்து கீழாகச் செய்யுங்கள். முதலில் கூரையின் உட்புறத்தையும் மேல் திறப்புகளையும் நீண்ட கம்பில் கட்டிய ஈர்க்கில் துடைப்பத்தால் தட்டி, தொங்கும் ஒட்டடைக்கரியை விழவிட வேண்டும். உத்தரத்தின் மேற்புறம் கண்ணுக்குத் தெரியாது. ஏணி வைத்துப் பார்த்தால் பல ஆண்டுக் கரி பஞ்சு போலக் கிடக்கும். பொறி ஒன்று அங்கே போய்ச் சேர்ந்தால், தீ கீழிருப்பவர் கண்ணில் படாமலே உத்தரத்தோடு ஓடும். அதன்பின் சுவர்கள். பிறகு மூங்கில் கம்புகளை வெளியே எடுத்து, தென்னந்தும்பால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, பிளந்தவற்றையும் வண்டு துளைத்தவற்றையும் ஒதுக்கிவிட வேண்டும். ஷீட் தொங்கும் அறையின் உட்சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. பார்வைக்கு நன்றாக இருந்தாலும், சூட்டில் அது பொருக்குப் பொருக்காக உதிர்ந்து ஷீட்டில் ஒட்டும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இனித்தான் குழல். ஆண்டுச் சுத்தத்தின் பாதி உழைப்பு இதற்குப் போக வேண்டும். ஆனால் பெரும்பாலோர் அடுப்புவாயை மட்டும் வாரிவிட்டுக் குழலைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். மேல்மூடிப் பலகைக்கற்களை வரிசையாக எண் எழுதி எடுத்து வையுங்கள். அடுப்புக்கு அருகில் உள்ள பகுதியில் சாம்பலும் மென்கரியும்தான் இருக்கும். மண்வாரியால் வாரி, துடைப்பத்தால் கூட்டினால் போய்விடும். குழல் வளையும் இடத்திலும் கடைசி முனையிலும் நிலைமை வேறு. அங்கே சூடு குறைவதால் புகையிலுள்ள தார் குளிர்ந்து, கறுப்பாக, கண்ணாடி பூசியது போன்ற பளபளப்போடு செங்கல்லில் இறுகியிருக்கும். துடைப்பம் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். கொத்துக்கரண்டியின் விளிம்பால் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, செங்கல்லின் சிவப்பு தெரியும்வரை எடுக்க வேண்டும். இந்தப் பளபளக்கும் படிவு எரியக்கூடியது. குழலுக்குள்ளேயே அது பற்றிக்கொண்டால், அடுப்பில் விறகை இழுத்துவிட்ட பிறகும் தீ அடங்காது. படிவு விரல் தடிமனுக்கு மேல் இருந்தால், ஈரவிறகை எரித்திருக்கிறீர்கள் அல்லது அடுப்புக்கதவை அளவுக்கு மீறி அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்று பொருள்; வரும் ஆண்டில் மாற்ற வேண்டியது அதைத்தான். சுரண்டி எடுத்த தாரை அடுப்பில் போட்டு எரிக்காமல், குழி வெட்டி, கிணற்றிலிருந்து தள்ளிப் புதைத்துவிட வேண்டும்.

குழல் சுத்தமானதும் விரிசல்கள் தெரியும். அடுப்புவாய்க்கு உள்ளே சிமெண்ட் சாந்து பூசினால், சூடு ஏறி இறங்குகையில் அது வெடித்துப் பெயரும். புற்றுமண்ணும் மணலும் குழைத்த சாந்தே அங்கே நிலைக்கும். தீ நேரடியாகப் படும் இடத்தில் தீச்செங்கல் வைத்தால் ஆண்டுதோறும் பூசும் வேலை குறையும். அறுந்த வலையைத் தைக்காமல் மாற்றிவிடுங்கள். அடுப்புக்கதவு இறுகி மூடுகிறதா, பிடி கழன்றிருக்கிறதா என்றும் பாருங்கள்; தீ கைமீறும்போது காற்றை அடைக்க உங்களிடம் இருப்பது அந்தக் கதவு ஒன்றுதான். அறைக்குள் மின்விளக்கு இருந்தால் அதையும் அதன் வயரையும் எடுத்துவிட்டு, வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்ப்பதே மேல். சூட்டில் இறுகி வெடித்த வயர் உறையும் அதன்மேல் படிந்த கரியும் சேர்ந்தால் நல்லது எதுவும் நடக்காது.

புகைக்குள் போகும்போதும் தீப்பிடித்தாலும்

மூடிய அறையில் விறகு கருகும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. புகை கண்ணைக் கரிக்கவில்லை என்பதால் காற்று நல்லது என்று முடிவு செய்யக் கூடாது. ஷீட்டைத் திருப்பிப் போடவோ இறக்கவோ உள்ளே போகும் முன் அடுப்பை அடக்கி, கதவையும் மேல் திறப்புகளையும் திறந்து, நன்றாகக் காற்றாடவிட வேண்டும். வெளியே ஒருவர் நிற்க வேண்டும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் தோன்றினால் உடனே வெளியே வந்துவிடுங்கள். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், மூச்சைப் பிடித்துக்கொண்டு தனியாளாகப் பாய்ந்து இரண்டாவது ஆளாகவும் விழுந்துவிடாமல், எல்லாத் திறப்புகளையும் திறந்து, ஆள் சேர்த்து, வெளியே இழுத்து, 108ஐ அழைக்க வேண்டும்.

புரைக்குள் தீப்பிடித்ததென்று தெரிந்தால், ஆள் யாரும் உள்ளே இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, அறைக்கதவைத் திறக்காமல் விட வேண்டும். ஷீட்டைக் காப்பாற்றும் ஆசையில் கதவைத் திறந்தால், உள்ளே நுழையும் காற்றுப் பட்டுத் தீ திறந்தவர் மேலேயே சீறும். அடுப்புக்கதவையும் கைக்கு எட்டும் திறப்புகளையும் அடைத்துவிட்டு, 101க்கோ 112க்கோ அழைத்து, வழி சொல்ல ஒருவரைச் சாலைக்கு அனுப்புங்கள்; விளைகளுக்குள் இருக்கும் வீடுகளைத் தீயணைப்பு வண்டி தேடிக் கண்டுபிடிப்பது எளிதல்ல. மணல் வாளிகளும், முள் பச்சைப் பகுதியில் நிற்கும் ஏபிசி வகைத் தீயணைப்பானும் புரைக்குள் இல்லாமல், புரைக்கும் வீட்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். தீக்காயத்தின் மேல் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர் விட வேண்டும். பற்பசை, மை, எண்ணெய் எதுவும் தடவக் கூடாது.

பூச்சு முடிந்த பிறகு

புதிய மண்சாந்து இரண்டு மூன்று நாள் நிழலில் காயட்டும். பிறகு ஷீட் எதுவும் ஏற்றாமல், சுள்ளிகளால் சிறு தீ மூட்டி, அரை நாள் மெதுவாக எரியவிடுங்கள். அந்த நேரத்தில் புரையைச் சுற்றி வந்து, சுவரிலோ குழல் மூடியின் இணைப்பிலோ புகை கசியும் இடங்களைச் சுண்ணாம்புக்கட்டியால் குறித்து, அடுப்பு ஆறியதும் அவற்றைப் பூசி அடைக்க வேண்டும். மறுநாள் சூட்டை 50 டிகிரிக்கு ஏற்றி, அடுப்புக்கதவை எவ்வளவு திறந்தால் முள் அங்கேயே நிற்கிறது என்று பார்த்து, கதவுச் சட்டத்தில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டால், வெட்டு தொடங்கியதும் விறகு தள்ள வருபவர் யாரானாலும் அந்தக் கோட்டைப் பார்த்தே கதவை வைப்பார்.